நொடியாரும் பத்தடுக்குப் படிவமும்

நெய்வேலி நகரியத்தில் காலம் ஒருவருக்கு மட்டுமே அஞ்சி ஒழுங்காக நடந்தது. எஞ்சிய எங்கள் அனைவரையும் அது ஏமாற்றித் திரிகிறது என்பதே அவருடைய உறுதியான கொள்கை. ஊர் அவரை 'ஸ்டாப்வாட்ச்' என்று அழைத்தது. பெற்றோர் இட்ட பெயர் குடும்ப அட்டையில் இருந்திருக்கும். அதைக் கண்டவர் எவரும் இலர். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்த என் நாவில் அப்பட்டப்பெயர் ஏற மறுத்தமையால், 'நொடியார்' என்று மாற்றிக்கொண்டேன். சற்று மரியாதையாக இருக்கிறது என்று அவரும் ஏற்றுக்கொண்டார்.

ஓய்வுபெற்றோர் மன்றத்தில் மறைந்த உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு நிமிட அமைதி அஞ்சலி நடைபெற்றது. எழுந்தோம், தலை கவிழ்ந்தோம், வழக்கம்போல் தலைவர் தொண்டையைச் செருமினார், அமரத் தொடங்கினோம். நொடியார் அமரவில்லை. உள்ளங்கையில் இருந்த கருவியைப் பார்த்தவாறே, "நாப்பத்தியோரு செகண்டுதாங்க ஆச்சி. எழுபத்தொம்போது பாக்கி கீது," என்றார். துயர வேளையில் யார் வழக்காடுவது? மன்றம் முழுவதும் மீண்டும் எழுந்து அந்த எழுபத்தொன்பது நொடியையும் நின்றே செலுத்தியது. மறைந்தவருடைய மகன் பின்னர் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, தம் தந்தைக்கு முழு இரண்டு நிமிடம் பெற்றுத் தந்தவர் அவர் ஒருவரே என்று கண்கலங்கினார். அன்று முதல் நகரியத்தின் அஞ்சலிக் கூட்டங்களில் தலைவர்கள் நொடியார் எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டே செருமினார்கள்.

திருமண வீட்டார் அவருக்கு அழைப்பிதழ் தருமுன் சற்றுத் தயங்குவதுண்டு. ஒரு திருமணத்தில் நல்ல நேரம் முடிந்து இருபது நொடி கழித்தே மூன்றாம் முடிச்சு விழுந்தது என்று கண்டுபிடித்தார். பண்பாளர் ஆதலால் அதை மேடையில் சொல்லவில்லை. மணமகளின் தந்தையை ஓரமாக அழைத்து, காதோடு சொன்னார். அந்த மனிதர் பந்தி முடியும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அவ்விணையர் இன்று இரு மக்களோடு இனிதே வாழ்கின்றனர். அதை நான் சுட்டிக்காட்டியபோது, முதல் இரண்டு முடிச்சுகள் நேரத்துக்குள் விழுந்ததன் பயன் அது என்று விளக்கம் தந்தார்.

இவ்வியல்பு அவருக்குப் பணியிடத்திலிருந்து வந்தது. சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் அவர் பணியாற்றியவர். நீண்டு கிடக்கும் அப்பட்டையின் ஓரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அக்கோடு சுற்றித் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நின்று அளப்பார். நேற்றைக் காட்டிலும் இன்று நேரம் கூடினால் எங்கோ ஓர் உருளை சிக்கியிருக்கிறது என்று பொருள். பிறர் ஓசை கேட்டும் புகை கண்டும் பழுதை உணர்ந்தனர். அவர் அதற்கு முன்பே உணர்ந்தார். ஓய்வு பெற்றபோது பணி அவரை விட்டது. கருவி அவர் கையை விடவில்லை. நாங்கள் இருவரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்து ஒண்டியிருந்தோம். ஆகவே என் நடை, என் நீராடல், நான் ஒரு கூட்டத்தில் 'இறுதியாக ஒன்று' என்று சொன்னபின் எடுத்துக்கொண்ட நேரம் ஆகிய அனைத்தும் அவருடைய குறிப்பேட்டில் இருந்தன.

இனி அமுதாவைச் சொல்ல வேண்டும். எதிர் வீட்டில் இருந்தவர்; முத்தாண்டிக்குப்பத்துப் பெண்; கணவர் சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்பவர்; அமுதா தனியார் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்தார். அவருடைய ஆய்வேட்டின் உயிர், ஒரு தேற்றத்தின் நிறுவல், அதாவது அதன் நிரூபணம். அதைத் தாளில் எழுதுவதோடு நில்லாமல், தேற்ற நிறுவி என்னும் கணினி நிரலுக்குப் புரியும்படி எழுதி, அந்நிரல் ஒவ்வொரு படியையும் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். 'இது தெளிவு' என்று எழுதிக் கடந்துபோக அந்நிரல் விடாது. மாணவர்களிடம் நான் அவ்வாறு கடந்துபோன இடங்களை எண்ணி எனக்கு உள்ளூர அச்சமாக இருந்தது.

அந்த மார்கழியில் அமுதாவுக்கு இக்கட்டு நேர்ந்தது. நிரலின் புதிய பதிப்பு வெளிவந்தது. அவருக்கு இன்றியமையாத சில துணைத் தேற்றங்கள் அதில் மட்டுமே இருந்தன. ஆகவே மாறியே தீர வேண்டும். மாறிய பின்னரோ, முன்பு சில நிமிடங்களில் சரிபார்க்கப்பட்ட அவருடைய நிறுவல் காலையில் தொடங்கி மாலைவரை ஓடியும் முடியவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பு, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதன்பின் பதிவு நீங்கிவிடும். ஏழாண்டு உழைப்பு வீணாகும். இதை அவர் வேலியோரம் நின்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பால் செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த நொடியார் குழாயை மூடினார்.

"முன்ன எத்தினி நிமிசம் ஆச்சிம்மா? இப்ப எத்தினி?"

அளந்து பார்க்கவில்லை என்று அமுதா சொன்னார். ஒருவர் நோயாளியின் நாடியைப் பாராமலே மருந்து எழுதியதைக் கேட்டவர்போல நொடியார் எங்களைப் பார்த்தார். அன்று மாலையே அமுதாவின் வீட்டுக் கூடத்தில் பாடம் தொடங்கியது. அமுதா கற்பித்தார், அறுபத்து மூன்று வயது மாணவர் குறிப்பெடுத்தார், நான் வேடிக்கை பார்த்தேன்.

பழுது எங்கே இருக்கலாம் என்று அமுதாவுக்கு ஓர் ஐயம் இருந்தது. அவருடைய கணிதப் பொருள்கள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய பதிவுக்கட்டுகள். எனக்கு விளங்கும்படி அவர் ஓர் உவமை சொன்னார். குவார்ட்டர்ஸ் கோரும் விண்ணப்பத்தை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்துக்குள் குடும்ப விவரம், அதற்குள் உறுப்பினர் விவரம், அதற்குள் முகவரி, முகவரிக்குள் பிளாக்கும் தெருவும் கதவெண்ணும். முதல் தாளில் உள்ள முகவரியும் கடைசித் தாளில் உள்ள முகவரியும் ஒன்றுதானா என்று கேட்டால், நல்ல எழுத்தர் ஒருமுறை பார்த்துவிட்டு ஆம் என்பார். புதிய பதிப்போ ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளையும் அடிவரை பிரித்து மேய்கிறதோ என்பது அவர் ஐயம். அதை மெய்ப்பித்து நிரலின் காப்பாளர்களுக்குத் தெரிவித்தால் அவர்கள் திருத்துவார்கள். அவர்கள் பல நாடுகளில் இருப்பவர்கள். ஊதியமின்றித் தாமே முன்வந்து அந்நிரலைப் பேணுபவர்கள்.

நொடியார் தம் வீட்டுக் கணினியில் சோதனையில் இறங்கினார். ஓரடுக்குப் படிவம், ஈரடுக்குப் படிவம் என்று பத்தடுக்குவரை தனித்தனியே எழுதினார். அடுக்குகளுக்குப் பெயர் வேண்டுமல்லவா? நகரியம், அதற்குள் பிளாக், அதற்குள் தெரு, அதற்குள் வீடு, சமையலறை, அலமாரி, தட்டு, டப்பா, பை, பத்தாவதாகத் துவரம்பருப்பு. இந்த வழியாகச் சென்று கண்ட பருப்பும் அந்த வழியாகச் சென்று கண்ட பருப்பும் ஒன்றுதானா என்பதே நிரலுக்கு அவர் விடுத்த வினா.

கணினிக்குத் தன் ஓட்டத்தைத் தானே அளக்கத் தெரியும் என்று அமுதா சொல்லிப் பார்த்தார். நொடியார் அதை ஏற்கவில்லை. அதுவே ஓடி அதுவே நேரமும் சொன்னால், பெல்ட் ஓட்டுபவரையே பெல்ட்டை ஆய்வு செய்யச் சொன்னதுபோல் ஆகிவிடும் என்றார். ஆகவே இடக்கையால் பொத்தானைத் தட்டி நிரலை ஓடவிட்டு, வலக்கையால் தம் கருவியை அழுத்தினார். ஒவ்வொன்றும் பத்து முறை. அளவீடு நடக்கையில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. மின்விசிறியின் வேகத்தை மாற்றக் கூடாது. அழைப்புமணி ஒலிக்கக் கூடாது. வாயிற்கதவில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே சோதனை நடக்கிறது என்று பொருள். எரிவாயு உருளை கொண்டுவந்தவர் அத்துண்டைக் கண்டு என்னவோ ஏதோ என்று திரும்பிப் போய்விட்டார். அவ்வீட்டில் இரண்டு நாள் என் வீட்டுச் சமையல்.

முதல் வார முடிவில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. அடுக்கு எத்தனையாயினும், காலையில் விரைந்து ஓடும் நிரல் நண்பகலுக்குப்பின் தளர்ந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் காலையைப்போல் இருமடங்கு நேரம் ஆனது. வேறு யாராவது ஆயின் கணினியைத் தொட்டுப் பார்த்திருப்பர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஷிப்டுகளில் உழன்ற மனிதருக்கு இதில் ஐயமே எழவில்லை. காப்பாளர்களுக்கு நீண்டதொரு முறையீட்டை ஆங்கிலத்தில் வரைந்தார். அடுக்குப் படிவங்களின் சுணக்கத்தை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, அடுத்த நான்கு பத்திகளில், உங்கள் நிரல் முதல் ஷிப்டில் நன்றாக வேலை செய்கிறது, இரண்டாம் ஷிப்டில் மெத்தனம் காட்டுகிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதியிருந்தார். வரைபடங்களும் இணைத்திருந்தார். இரண்டாம் ஷிப்டு என்பது நிரலின் எந்தப் பகுதியில் உள்ளது, எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று மிகுந்த பணிவோடு மறுமொழி வந்தது.

உண்மையைக் கண்டறிந்தது நானே, அதுவும் தற்செயலாக. ஒரு பிற்பகலில் அவரைக் காணச் சென்றவன், அமர இடமின்றிக் கணினிப் பெட்டியின் மேல் கையூன்றினேன். சுட்டது. எங்கள் ஊரில் எந்தப் பொருளையும் தூசிக்கு அஞ்சி உறையிட்டே வைப்போம். தொலைக்காட்சிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, சில வீடுகளில் உறைகளை வைக்கும் பெட்டிக்கும் உறை. நொடியாரின் துணைவியார் காந்திமதி அம்மையார் குறிஞ்சிப்பாடிக்காரர். பிறந்த வீட்டிலிருந்து வந்த கெட்டியான கைத்தறித் துணியில் கணினிப் பெட்டிக்குச் சுருக்கு வைத்து உறை தைத்திருந்தார். காலையில் அது மேலே மடித்து வைக்கப்பட்டிருக்கும். பிற்பகலிலோ தரைவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அதைச் சற்றே தூக்கினேன். கணினியின் காற்றுத் துளைகளை அணைத்தவாறு ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. உள்ளே இட்லி மாவு, பொங்கும் தறுவாயில்.

நொடியார் பாத்திரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"மார்கழி குளுருல மாவு பொங்க மாட்டங்குதுங்க," என்றார் அம்மையார். "இந்தப் பொட்டி ஓரம் கதகதன்னு இருந்திச்சி. மத்தியானம் அரச்சி வெச்சா சாயந்திரம் தளும்பிகினு நிக்கிது. நீங்களும் ரெண்டு வாரமா இட்லி பஞ்சாட்டம் இருக்குதுன்னுதான சொல்லிகினு இருந்தீங்க?"

கணினி மூச்சுமுட்டிச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. அவ்வளவுதான் இரண்டாம் ஷிப்டின் மெத்தனம். நேர்மையில் நொடியாரை மிஞ்ச ஆளில்லை. அன்றே காப்பாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் விடுத்தார். சுணக்கத்துக்குக் காரணம் தங்கள் நிரல் அன்று, என் மனைவியின் இட்லி மாவு என்று ஒளிவின்றி எழுதி, மாவு என்றால் என்ன என்பதற்கு ஒரு பத்தியும் சேர்த்தார். உலகெங்கும் இருந்து புன்னகைக் குறிகள் வந்து குவிந்தன. ஒருவர் செய்முறை கேட்டிருந்தார். முறையீடு முடித்துவைக்கப்பட்டது.

அதனோடு சேர்ந்து, அதில் ஒரு பத்தியாக இருந்த அமுதாவின் முறையீடும் முடித்துவைக்கப்பட்டது என்பதுதான் கொடுமை. உறையும் மாவும் இல்லாத அவருடைய கணினியிலும் நிறுவல் முடியாமலே ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிக் கணினியிலும் அவ்வாறே. பழுது உண்மை; ஆனால் அதைச் சொன்ன வாய் இட்லி மாவால் நம்பகம் இழந்துவிட்டது. ஒப்படைக்கப் பதினொரு நாளே இருந்தது. அமுதா நொடியாரை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. கடிந்திருந்தால் நொடியாருக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவர் நடைப்பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நான் சென்று பார்த்தபோது, கருவி மேசைமேல் கிடந்தது. அவர் அதற்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்.

அமுதாவும் வந்திருந்தார். நொடியை விட்டுவிடுவோம் என்று தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். நிரல் தான் எடுத்துவைக்கும் அடிகளைத் தானே எண்ணும். எத்தனை இணைப்புகளைப் பிரித்தது, எத்தனை முறை ஒப்பிட்டது என்ற எண்ணிக்கையைக் கேட்டால் சொல்லும். அது வெயிலில் மாறாது, குளிரில் மாறாது. நொடியார் மறுத்துத் தலையசைத்தார். நேரம் இல்லாத அளவு ஓர் அளவே அன்று, பெல்ட்டின் உருளைகளை எண்ணிக்கொண்டிருந்தால் பெல்ட் ஓடுகிறதா என்று தெரியுமா என்று கேட்டார்.

விடை சமையலறையிலிருந்து வந்தது. அம்மையார் கையில் இட்லித் தட்டோடு வாயிலில் நின்றார். மாவு பற்றிய பேச்சு எழுந்த நாள் முதல் அவரும் சற்றுக் குன்றித்தான் இருந்தார்.

"பத்து பேருக்கு இட்லி ஊத்தணும்னா நான் எத்தினி நிமிசம்னா பாக்குறன்? எத்தினி ஈடுன்னு எண்ணிக்கிறன். கேஸு கம்மியா எரிஞ்சா நேரம் கூடும், ஈடு கூடுமா? எங்க அம்மா வூட்டுல வெறவு அடுப்பு, இங்க கேஸு. ரெண்டுத்துலயும் மூணு ஈடுன்னா மூணு ஈடுதான். அதெல்லாம் ஒரு கணக்கு இல்லியாங்க?"

நொடியார் மெல்லத் திரும்பினார். குறிப்பேட்டை எடுத்தார். 'ஈடு' என்று தலைப்பிட்டுக் கோடு போட்டார்.

அன்று பிற்பகலில் பத்துப் படிவங்களையும் மீண்டும் ஓட்டினார்கள். ஆறாம் அடுக்குவரை எண்ணிக்கை சிறிதாகவே இருந்து சாதுபோல் தோன்றியது. ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் அது இரட்டித்துக்கொண்டே வந்தது. டப்பாவில் ஒன்று என்றால் பையில் இரண்டு, பருப்பில் நான்கு. பழைய பதிப்பில் இந்த இரட்டிப்பு இல்லை. மறுநாள் காலை ஓட்டினார்கள். எண் இம்மியும் மாறவில்லை. அமுதாவின் கணினியில் ஓட்டினார்கள், அதே எண். நொடியார் அமுதாவை விடவில்லை. ஒருமுறை அந்தக் கைத்தறி உறையைத் தரைவரை இழுத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தையும் ஒட்டிவைத்து ஓட்டச் சொன்னார். நேரம் இருமடங்காயிற்று; எண் அதேதான். தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குறிப்பில் நொடியைப் பற்றி ஒரு சொல்லும் இன்றிப் புதிய முறையீடு எழுதினார். அதன் கடைசி வரி, மாவு வைத்தும் வைக்காமலும் சோதிக்கப்பட்டது என்பது.

இம்முறை புன்னகைக் குறிகள் வரவில்லை. குளிர்நாடு ஒன்றில் இருந்த காப்பாளர் ஒருவர் மூன்று நாளில் பழுதைக் கண்டார். நிரல் ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறந்து இன்னொரு முறையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் அடுக்குக்கு இருமுறை என்றால் பத்தடுக்குக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். அவர் சில வரிகளை மாற்றினார். பருப்புப் படிவத்தையும் நிரலோடு நிலையாகச் சேர்த்துவிட்டார். இனி உலகில் எவர் அந்நிரலில் எதை மாற்றினாலும், அப்படிவத்தின் எண்ணிக்கை கூடினால் மாற்றம் அன்றே தள்ளப்படும். விடுமுறைக்கு முந்தைய நாள் காலையில் அமுதாவின் நிறுவல் முழுமையாக ஏற்கப்பட்டது. நாலே கால் மணிக்கு ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டார். ஊர் திரும்பியவர், பேருந்து நிலையத்தில் காத்திருந்த எங்களைக் கண்டதும் காந்திமதி அம்மையாரின் தோளில் முகம் வைத்துக்கொண்டார்.

சில திங்கள் கழித்துப் பொது வாய்மொழித் தேர்வு நடந்தது. முனைவர் பட்டத்துக்கு உரியவர் அறிஞர் முன் தம் ஆய்வை விளக்க, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது நம் பல்கலைக்கழகங்களின் மரபு. நொடியாரும் நானும் அம்மையாரும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். அவர் சலவைச் சட்டை அணிந்திருந்தார். புறத்தேர்வாளர் கண்டிப்பானவர். இறுதியில் ஒன்று கேட்டார். கணினி நிரலை நம்பி நிற்கும் நிறுவல் இது. நாளை யாரோ அந்நிரலை மாற்றி மீண்டும் இது நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

"நிக்காது சார்," என்றார் அமுதா. "அதுக்கு ஒருத்தரு காவல் வெச்சிட்டாரு. அதோ அங்க உக்காந்துகினு இருக்காரு."

அரங்கு திரும்பிப் பார்த்தது. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஐயா சற்று எழுந்து நில்லுங்கள், எந்தத் துறை என்று கேட்டார்.

நொடியார் எழுந்தார். "கன்வேயர் பெல்ட்டுங்க," என்றார். சற்று நின்று, "ரிட்டயர்டு," என்று சேர்த்துக்கொண்டார்.

தேர்வாளரே முதலில் கைதட்டினார். அரங்கு முழுவதும் தட்டியது. அமுதாவும் மேடையில் நின்றபடியே தட்டினார். நான் மட்டும் தட்டவில்லை. நொடியார் அமரும்வரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.